'மூளை வளராத' குழந்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை 'மூளை வளர்ச்சி இல்லாதவர்' என்று எழுதும் வழக்கம் செய்தித்தாள்களில் இன்னும் போகவில்லை. அறிவுசார் குறைபாட்டை உண்டாக்கும், பரம்பரையாக வரும் ஃப்ராஜைல் எக்ஸ் குறைபாட்டில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு வழக்கமாக 45 தடவைக்குள்தான் திரும்பத் திரும்ப வரும். 200-ஐத் தாண்டினால் மரபணு பூட்டிக்கொள்ளும். அதன் புரதம் உருவாகாது. பாடம் பதியும்போது நரம்பு இணைப்புகளில் புதுப் புரதங்கள் கண்டபடி உருவாகாமல் அடக்கிவைப்பது அந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாத எலிகளில், இணைப்பைத் தளர்த்தும் மாற்றம் அளவுமீறி நடப்பதை 2002-இல் கண்டார்கள். மாறத் தெரிந்த மூளைதான், பிரேக்தான் பிடிப்பதில்லை. அந்த மாற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் எலிக்கு உதவின, மனிதர்களிடம் பலிக்கவில்லை. ஞாபகசக்தி டானிக் வாங்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

வகுப்பில் இந்தப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்வது நிற்காது, முழுதாகக் காட்டுவது நிற்கும். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காமல் 'பால்', 'பஸ்' என்று முழுச் சொல்லைப் படத்தோடு கொடுங்கள். பை அடுக்கச் சொல்லும் முன் அடுக்கி முடித்த பையின் படத்தைக் காட்டுங்கள். "என்னைப் பார்த்துச் சொல்லு" என்றால் பதற்றம் ஏறி, தெரிந்த பதிலும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, "காக்கா நிறம்..." என்று பாதியில் நிறுத்தினால் மீதியை அவனே சொல்வான். கணக்குதான் கடைசிவரை கஷ்டம்; நாணயத்தைக் கையில் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

மருத்துவர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது 'ஃப்ராஜைல் எக்ஸ் டிஎன்ஏ சோதனை' என்று பெயரோடு கேளுங்கள். சாதாரண குரோமோசோம் சோதனையும், குரோமோசோமில் விடுபட்ட, கூடுதலான பகுதிகளைத் தேடும் மைக்ரோஅரே சோதனையும் இந்தத் துண்டுகளை எண்ணுவதில்லை. 'நார்மல்' என்று வந்துவிடும்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பழியும் பொருந்தாது. 55 முதல் 200 வரை துண்டுகள் உள்ள தாய் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார், பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை 200-ஐத் தாண்டிப் பெருகலாம். அசலில் கட்டியிருந்தாலும் இதேதான். அம்மாவுடன் பிறந்த சித்தி, பெரியம்மாவும் சோதித்துக்கொள்வது நல்லது: 40 வயதுக்குள் மாதவிலக்கு நிற்பது, அவர்களுக்கும் 55 முதல் 200 வரை துண்டுகள் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அம்மா வழித் தாத்தாவுக்கு 50-க்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வந்திருந்தால், அதற்கும் இதே துண்டுகள் காரணமாக இருக்கலாம்; பேரனின் ரிப்போர்ட்டை அவருடைய நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சிலர்