கோட்டை வாசலில் கைகொடுத்த அண்ணாவுக்கு

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவுடன் திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்குப் புறப்பட்டேன். நிலாவெளி வீதியில் ஒழுங்காக ஓடிய கார், பிரெட்றிக் கோட்டை வாசல் நெரிசலில் ஊரத் தொடங்கியதும் கொதித்துவிட்டது. றேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். "தொடாதீர்கள் தம்பி, கொதிநீர் அடிக்கும்!" என்று ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்தீர்கள். அம்மாவை நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தீர்கள், அதுவும் நான் கேட்காமலே.

"வேகமாகப் போனால் காற்றே குளிர்விக்கும், ஊரும்போது விசிறிதான் சுற்ற வேண்டும்" என்றபடி விசிறிக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேயைக் கழற்றிக் காட்டினீர்கள். அதன் உலோகக் கால்களில் ஒன்று கருகியிருந்தது. அதே வகையான ஹோர்ன் ரிலேயை அங்கே பொருத்தினீர்கள். விசிறி சுற்றியது! இயந்திரம் ஆறியபின் தண்ணீரும் விட்டு, காசு வாங்காமல் போய்விட்டீர்கள்.

அண்ணா, அம்மா அன்று உங்களுக்காகவும் அர்ச்சனை செய்வித்தார். பெயர்தான் சொல்லத் தெரியவில்லை. மிக்க நன்றி.