செயலாளர் ஆண்டறிக்கை: ஆறடித் தொட்டியும் கிணற்று நீரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது நன்னீர் மீன் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயலவை மாதந்தோறும் கூடியது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியவை உரிய காலத்தில் அனுப்பப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் பெரும் உழைப்பு ஒரே வேலைக்குத்தான் போனது: மண்டபத்து ஆறடித் தொட்டியின் நீரை மென்மையாக்கியது. வீட்டில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். மணல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உண்மையில் இருக்கும் நீர் 580 லிட்டர்தான். கணக்குப் போடும்போது இந்த 580ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே டிஸ்கஸும் கார்டினல் டெட்ராவும் இருக்கின்றன. இரண்டுமே அமேசான் பகுதியின் மென்னீர் மீன்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அளந்தபோது ஜி.எச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் மொத்தக் கடினத்தன்மை) 14, கே.எச் (பி.எச் சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை) 12 என்று காட்டியது. டிஸ்கஸ் இணை, முட்டையிடுவதற்கென வைத்த கூம்பில் முட்டையிட்டது. இரண்டாம் நாளே முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன.

குழாய் நீர் பயன்படுத்தும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர்க் குழாய் நீர் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருவது, பெரும்பாலும் மென்மையானதுதான். ஆர்.ஓ இயந்திரம் (மென்படலத்தின் வழியே நீரைச் செலுத்திக் கரைந்த உப்பைப் பிரிப்பது) வாங்கக் கடைக்குப் போகுமுன் சொட்டுச் சோதனையில் குழாய் நீரையும் தொட்டி நீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். குழாயில் ஜி.எச் 3, தொட்டியில் 10 என்று வந்தால் தவறு நீரில் இல்லை, தொட்டிக்குள் இருக்கிறது. வடிகட்டியில் போட்ட பவளச் சில்லுகளோ அலங்காரக் கல்லோதான் காரணமாக இருக்கும். கல்லின் மேல் இரண்டு சொட்டுக் காடி (வினிகர்) விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். அதை எடுத்துவிட்டுக் குழாய் நீரிலேயே வாராவாரம் மாற்றினால் போதும், இயந்திரம் தேவைப்படாது.

மண்டபத்தின் நிலை வேறு. குழாய் இணைப்பு முன்புறச் சமையலறையோடு நின்றுவிடுகிறது. வாடகைக் கட்டடம் என்பதால் சுவரைத் துளைத்துப் பின்கட்டுக்குக் குழாய் இழுக்க அனுமதி இல்லை. பின்கட்டில் இருப்பது ஆழ்துளைக் கிணறு மட்டுமே. இந்நகரின் பல பகுதிகளுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. பத்துமலையில் அந்தப் பாறைதான் குன்றாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் இடுக்குகளில் ஊறி வரும் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்தே இருக்கும். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்டுப் பார்த்தோம். நீர் தேயிலைச் சாயம் போல ஆனது, கடினத்தன்மை இறங்கவில்லை. கே.எச் 12 இருக்கும் நீரில் இலையின் அமிலத்தால் பி.எச் அளவை (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுவது)க்கூட அசைக்க முடியாது. உப்புப் போட்டு இயங்கும் வீட்டு மென்னீராக்கியையும் சிலர் பரிந்துரைத்தார்கள். அது கால்சியத்தை எடுத்து அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. கரைந்த உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. ஆகவே செயலவை அதை ஏற்கவில்லை.

வாங்கியது 100 காலன் மென்படலம் கொண்ட ஆர்.ஓ. நாளொன்றுக்கு ஏறத்தாழ 378 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும். போதிய அழுத்தமும் 25 டிகிரி வெப்பமும் இருந்தால்தான் அந்தக் கணக்குப் பலிக்கும். கிணற்று மோட்டார் கொடுத்த அழுத்தம் 25 பி.எஸ்.ஐ, மணிக்கு ஏழு லிட்டர்கூட வரவில்லை, வந்த நீரின் தரமும் குறைவு. அழுத்த பம்பு ஒன்றைச் சேர்த்து 70 பி.எஸ்.ஐ ஆக்கிய பிறகு மணிக்குப் பதினைந்து லிட்டர் வந்தது. கிணற்று நீரின் டி.டி.எஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 310, வெளியே வருவது 9. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு தடுக்கப்படுகிறது. இது தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மென்படலத்தை மாற்ற வேண்டும்.

இயந்திரத்தை வீட்டுக் குடிநீருக்கான தொகுப்பாகத்தான் கடையில் கொடுத்தார்கள். அதன் கடைசி உருளை தாது சேர்க்கும் உருளை. முதல் வாரம் டி.டி.எஸ் 60க்குக் கீழே வராததற்கு அதுவே காரணம். எடுத்த கால்சியத்தைக் கடைசிப் படியில் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தது! மீனுக்கு வாங்குபவர்கள் அந்த உருளையை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

கடின நீர் என்பதால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு நான்கு லிட்டர் கழிவு விடுகிறோம். இது வீண் என்று கழிவுக் குழாயின் கட்டுப்படுத்தியை இறுக்க வேண்டாம். வெளியேற வேண்டிய சுண்ணாம்பு மென்படலத்திலேயே படிந்து அடைத்துவிடும். கழிவு நீர் மண்டபம் கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது. இரும்பும் கலந்த நீர் என்பதால் 5 மைக்ரான் வண்டல் உருளை ஆறே வாரத்தில் தே தாரிக் நிறத்துக்கு வந்துவிடுகிறது. உருளை விலை குறைவு, மென்படலம் விலை அதிகம். ஆகவே நிறம் மாறியதும் தயங்காமல் மாற்றுகிறோம். இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் ஓடவிடும்போது முதலில் வரும் இரண்டு மூன்று லிட்டரில் டி.டி.எஸ் கூடுதலாக இருக்கும். அதைக் கொட்டிவிடுவதே வழக்கம். சேமிப்புத் தொட்டிக்கு மூடியும் கொசுவலையும் கட்டாயம். டிங்கி பரவும் ஊரில் மூடாத நீர்த்தொட்டியை வைத்திருக்கக் கூடாது.

இனி நீர் மாற்றிய விதம். முதலில் வடிகட்டியிலிருந்த பவளச் சில்லுகள் முழுவதையும் எடுத்தோம். அவை உள்ளே இருக்கும்வரை மேலே எவ்வளவு தூய நீர் ஊற்றினாலும் பயனில்லை. பிறகு வாரம் இருமுறை 87 லிட்டர், அதாவது பதினைந்து விழுக்காடு, எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ நீரை மெல்லிய குழாயில் இரண்டு மணி நேரம் விட்டோம். ஒவ்வொரு முறையும் இருந்ததில் 0.85 பங்கு மிஞ்சும்: 14, 11.9, 10.1, 8.6, 7.3, 6.2, 5.3. மூன்று வாரம், ஆறு மாற்றம். கே.எச் 12இலிருந்து 4.5க்கு வந்தது. ஒரே நாளில் பாதி நீரை மாற்றினால் மீனின் உடலுக்கும் நீருக்கும் இடையிலான உப்புச் சமநிலை குலைந்துவிடும். அதனால் ஏற்படும் சேதம் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும்.

இப்போது வாராந்தரப் பராமரிப்புக்கு நூறு லிட்டரில் 36 கிணற்று நீர், 64 ஆர்.ஓ எனக் கலக்கிறோம். ஜி.எச் 5, கே.எச் 4 சுற்றி நிற்கிறது. ஆவியாகிக் குறையும் நீரை ஈடுகட்ட மட்டும் தனி ஆர்.ஓ. நீர்தான் ஆவியாகிறது, சுண்ணாம்பு உள்ளேயே தங்குகிறது. அந்த இடத்தைக் கிணற்று நீரால் நிரப்பினால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். குஞ்சுகளுக்கான இரண்டடித் தொட்டியில் கலக்காமல் தனி ஆர்.ஓ நீரையே தொடர்ந்து மாற்றிவந்தோம். கே.எச் பூச்சியமாகி, பி.எச் ஒரே இரவில் 5.5க்கு விழுந்தது. வடிகட்டியின் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது கே.எச்சைத் தின்கிறது, தின்ன எதுவும் மிஞ்சாதபோது இப்படித்தான் சரியும். இந்நிலையில் பதறி ஆப்பச்சோடாவை அள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. அமில நீரில் அம்மோனியம் என்ற வடிவில் அதிகத் தீங்கில்லாமல் கிடப்பது, பி.எச் சட்டென ஏறினால் நச்சு அம்மோனியாவாக மாறிவிடும். நாங்கள் தீனியை நிறுத்தி, அம்மோனியாவை அளந்து, கலந்த நீரைச் சிறிது சிறிதாக இரண்டு நாள் விட்டு மீட்டோம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கே.எச் அளந்து சுவரட்டையில் எழுதுகிறோம். 3க்குக் கீழே போனால் அந்த வாரக் கலவையில் கிணற்று நீரின் பங்கைக் கூட்டுகிறோம்.

ஆண்டு முடிவில் டிஸ்கஸ் இணை மூன்றாம் முறை இட்ட முட்டைகள் பொரித்தன. குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் சளியை உண்டு வளர்கின்றன.

வரும் ஆண்டுக்குச் செயலவை முன்வைக்கும் தீர்மானங்கள்: மாற்று மென்படலம் ஒன்றும் வண்டல் உருளைகள் எட்டும் வாங்குதல், கிணற்று மோட்டார் நின்றால் அழுத்த பம்பும் தானே நிற்க, குறையழுத்த விசை பொருத்துதல், வீட்டு நீரை அளந்து பார்க்க விரும்பும் உறுப்பினர்களுக்காக மாதத்தின் முதல் ஞாயிறு மண்டபத்தில் சோதனைப் பெட்டிகளை வைத்தல். மாதிரி நீரைச் சுத்தமான பாட்டிலில், குழாய் நீர் ஒன்று, தொட்டி நீர் ஒன்று எனப் பெயரெழுதிக் கொண்டுவரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கோலாலம்பூர்