நீலகிரிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும்: தட்டம்மை குறித்து ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை போடாத பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல் இந்த மாதத்துக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் பிள்ளைக்குத் தடிப்பு வந்த பிறகு தடுப்பூசி அட்டையைத் தேடினால் காலம் கடந்துவிடும்.

தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளையிடமிருந்து கிருமி பரவும். பிள்ளை வெளியே போன பிறகும் அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் அருகில் இருந்தால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவைக்கும் நம் வகுப்பறைகளும் விடுதிகளும் அதற்கு வசதியான இடம். தொற்றிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆனால் நாம் தடிப்பைப் பார்க்கும்போது பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு அந்தக் கெடு அநேகமாக முடிந்திருக்கும்.

முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். இடம் மாறும் குடும்பங்களில் விட்டுப்போவது இரண்டாவதுதான். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் பலரிடம் அட்டையே இருக்காது. "போட்டாச்சு" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். இரண்டு தேதிகளையும் அட்டையில் பாருங்கள். அட்டை இல்லையா, போடாதவராகவே எழுதுங்கள். ஒரு தவணை கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. தொடக்க வகுப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும்: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய பெரிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாமுக்குப் பிறகு பிறந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர்.

காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு சேர்ந்து வந்தால் கன்னத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உப்புத்தூள் போல வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். தெரியாவிட்டாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். தடிப்பு காதுக்குப் பின்னாலும் முன்நெற்றியிலும் தொடங்கிக் கீழே இறங்கும். விடுதியில் என்றால் தனி அறை தேவை. படுக்கைக் கூடத்தின் மூலை போதாது.

வாசலில் வேப்பிலை செருகுவதை நாங்கள் தடுக்கவில்லை. மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதும் சாப்பாட்டைக் குறைப்பதும்தான் ஆபத்து. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான் உயிரை எடுக்கின்றன. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு வைட்டமின் ஏ 2 லட்சம் யூனிட் வீதம் அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும். அதைச் சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு என்பதற்காகப் பள்ளியில் சேர்க்காதீர்கள். தடிப்பு தோன்றிய நாளுக்குப் பின் 4 முழு நாள் கழியட்டும்.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காய்ச்சலோடு பிள்ளைகளை வகுப்புக்கு வரவைப்பது அதுதான்.

மருந்தைக் கலந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடுவோம். அதனால் ஊசி போடும் மேஜை வெயில் படாத இடத்தில் இருக்கட்டும், பட்டியலில் உள்ள பிள்ளைகள் அன்று பள்ளியில் இருக்கட்டும். பட்டியலின் ஒரு நகலை உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். நாள் குறித்துப் பள்ளிக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
மலைப்பகுதிப் பள்ளிகளில் தடுப்பூசிப் பணி செய்யும் செவிலியர்கள்