மாநகர சபைக்கு மனு: ஞாயிறு பின்னேரம் கூட்டம்

எல்லாருக்கும் வணக்கம். குளம், குப்பை, கழிவுநீர் பற்றி அடுத்த அமர்வில் தீர்மானம் எடுக்கச் சொல்லி எங்கள் வட்டார உறுப்பினர் மூலம் மனுக் கொடுக்கப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைத்தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது, மலக்குழி ஊத்தையும் அதே வழியால்தான் இறங்கும்.

ஞாயிறு பின்னேரம் 4 மணி, சனசமூக நிலையம்.

1. வீட்டுக்கு ஒருவராவது வந்து கையொப்பம் வையுங்கள்.
2. வாய்க்கால் அடைபட்ட இடம், குப்பை எரிக்கும் இடம் தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள் (காலை வணக்கப் படங்களுக்கு அன்று லீவு).
3. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து வாருங்கள்.

தீர்மானம் எடுத்த உடனே வாய்க்கால் துப்புரவாகாது, ஆனால் பிறகு கேட்க ஒரு பிடி இருக்கும். வருகிறவர்கள் சனி இரவுக்குள் பதில் போடுங்கோ.