கவரிங் லெட்டரை யாராச்சும் படிக்கிறீங்களா? தனியார் கல்லூரி தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. மே, ஜூன் ஆனா உங்க விளம்பரம் பேப்பர்ல வந்துடும். உதவிப் பேராசிரியர்கள் தேவை, கீழ சப்ஜெக்ட் பேரெல்லாம் வரிசையா, தகுதி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, கவரிங் லெட்டரோட பயோடேட்டா அனுப்பவும். அவ்ளோதான். இதை வச்சுக்கிட்டு நாங்க லெட்டர்ல என்னத்த எழுதுறது?

உங்க டிபார்ட்மென்ட்ல எது குறையுது, அதை நான் எப்படி ஈடு கட்டுவேன், இது ரெண்டையும் ஒரு பக்கத்துல சொல்றதுதான லெட்டரோட வேலை. கெமிஸ்ட்ரின்னு ஒத்த வார்த்தை போட்டா பிஜிக்கு ஆர்கானிக் எடுக்க ஆள் வேணுமா, இல்ல பிசிக்ஸ் பசங்களுக்குத் துணைப் பாடமா வர்ற அலைட் பேப்பரும் லேபும் பாத்துக்க ஆள் வேணுமான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கவர்மென்ட் சம்பளம் தர்ற எய்டட் போஸ்ட்டா, காலேஜே சம்பளம் தர்ற செல்ஃப் ஃபைனான்ஸாங்கிறதே பல விளம்பரத்துல இருக்காது. அதனாலதான் எல்லாரும் அதே பழைய மாடல்ல தேதியையும் காலேஜ் பேரையும் மாத்தி 'ரெஸ்பெக்டட் சார்'னு ஆரம்பிச்சு அனுப்பிடுறோம், அதைப் பாத்துட்டு இந்தக் காலத்துப் பசங்களுக்கு சொந்தமா ஒரு லெட்டர் எழுதத் துப்பில்லன்னு நீங்களே அலுத்துக்கறீங்க.

சரி, மெனக்கெட்டு எழுதுறோம்னே வைங்க, அது எங்க போகுது? யுஜிசியோட 2018 ரெகுலேஷன்ல காலேஜுக்குன்னு ஷார்ட்லிஸ்ட் பண்ண ஒரு மார்க் டேபிள் இருக்கு. பிஎச்டிக்கு 25, பப்ளிகேஷன் எத்தனை இருந்தாலும் 6 தான், எக்ஸ்பீரியன்ஸ் வருஷத்துக்கு 2 வீதம் 10 வரைக்கும். லெட்டருக்கு அதுல ஒரு மார்க்கும் கிடையாது. அந்த மார்க்கும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட மட்டும்தான், செலக்‌ஷன் முழுக்க இன்டர்வியூவ வச்சுதான்னு அதே ரெகுலேஷன் சொல்லுது. அப்போ லெட்டருக்கு இருக்கிற ஒரே இடம் இன்டர்வியூ டேபிள்தான்.

அங்க என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நான் போன ஒரு காலேஜ்ல ஃபைல்ல மேலாப்புல லெட்டர்தான் இருந்துச்சு, நடுவுல உக்காந்திருந்தவர் க்ளிப்பைக் கழட்டாமலே அதைத் தூக்கிட்டு அடியில மார்க்ஷீட்டப் பாத்தாரு, அப்புறம் சொந்த ஊர் எதுன்னாரு, அடுத்து "உங்க ஏரியாவுல இருந்து எத்தனை அட்மிஷன் கொண்டு வருவீங்க?" இதுக்கு டீச்சிங் ஃபிலாசஃபின்னு ரெண்டு பாரா எழுதினவன் என்ன பதில் சொல்லுவான்? (சம்பளம் எவ்ளோன்னு நாம கேட்டா மட்டும் அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு சிரிப்பு வேற.)

எங்களுக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள். எந்தப் பேப்பர் எடுக்கணும், யுஜிசி சொல்ற வாரத்துக்கு 16 மணி நேர வகுப்புதானா இல்ல அதுக்கு மேலயா, எய்டடா இல்லையா, கைக்கு என்ன வரும், இத்தனையும் விளம்பரத்துல போடுங்க. கூடவே, அந்தப் பேப்பர்ல ஒரு யூனிட்ட உங்க பசங்களுக்கு எப்படி நடத்துவீங்கன்னு லெட்டர்ல எழுதச் சொல்லுங்க, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு ஃபர்ஸ்ட் இயர் வந்து முழிக்கிற பிள்ளைக்கு ஸ்டீரியோகெமிஸ்ட்ரி (மூலக்கூறோட முப்பரிமாண அமைப்பு) எப்படிப் புரிய வைப்பேன்னு நான் ஒரு பக்கம் என்ன, ரெண்டு பக்கமே எழுதித் தரேன். இன்டர்வியூல அதுல இருந்தே கேளுங்க, யாரு காப்பி அடிச்சதுன்னு ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சுடும். இதெல்லாம் முடியாதுன்னா லெட்டரே கேக்காதீங்க, பயோடேட்டா போதும்.

பேப்பர்ல இடம் கூடினா காசு கூடும்னு மேனேஜ்மென்ட்ல சொல்லுவாங்க, தெரியும். உங்க காலேஜ் வெப்சைட்ல போடுங்க, அங்க போன வருஷ பொங்கல் விழா போட்டோதான் இன்னும் ஓடிட்டு இருக்கு.

இப்படிக்கு,
இந்த ஜூன்லயும் அப்ளை பண்ணப் போற ஒரு கெமிஸ்ட்ரி பிஎச்டி