காடி நம்பரும் மொய் நோட்டும்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு அம்மா, அண்ணி, பிள்ளைகள் சுகமாக இருக்க வேண்டும். வாரம் ரெண்டு தரம் போனில் பேசுகிறவளுக்குக் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். நான் கூப்பிடும்போதெல்லாம் நீ ஏதோ ஒரு பந்தலில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்குப் போனைக் காதில் வைத்தால் கேட்பதில்லை, ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்கிறது. கடிதமென்றால் அண்ணி வாசித்துக் காட்டுவார், அம்மா நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இங்கே இப்போது மணி பத்தரை. அறந்தாங்கியில் எட்டுதான் ஆகியிருக்கும். நீ கடையைச் சாத்தியிருக்க மாட்டாய்.

நேற்று ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கூடாரம், நாற்காலி, மேடை, சவுண்டு எல்லாம் நம் வீட்டு வேலை. இன்று காலை பத்து மணிவரை ஒயர் சுற்றிவிட்டு வந்து படுத்தவள் இப்போதுதான் எழுந்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

மைக் செட் வீட்டில் பிறந்து மைக் செட் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் என்று கல்யாணத்தன்று நீ கேலி பண்ணினாய். தொழில் ஒன்றுதான், ஆனால் பேச்சிலிருந்து எல்லாமே வேறு. வந்த புதிதில் அத்தை "பசியாறிட்டியா?" என்று கேட்டார். நான் பசிக்கவில்லை என்றேன். அவர் கேட்டது காலைச் சாப்பாட்டை. ஒருவர் கூடார வாடகைக்கு "அம்பது வெள்ளி குறைச்சுக்குங்க" என்றபோது கொலுசுக்குப் பேரம் பேசுகிறார் என்று நினைத்தேன். இங்கே ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறார்கள். நம் காசுக்கு ஒரு வெள்ளி ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்துக்கொள். காரைக் 'காடி' என்பார்கள். இந்தச் சொல் நேற்று என் மானத்தைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் சின்ன ஊர். ஈப்போவிலிருந்து காடியில் அரை மணி நேரம். கடைத்தெருவில் வரிசையாகப் பழைய ரெட்டை மாடிக் கடைகள், முன்னால் மழை படாமல் நடக்க ஒரு தாழ்வாரம். அதற்கு அஞ்சடி என்று பெயர். சீனர் காப்பிக்கடை, மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, நம்மவர் ஜவுளிக்கடை எல்லாம் ஒரே அஞ்சடியில் வரும். மகாத்மா காந்தி கலாசாலை என்று நல்ல தமிழ்ப்பள்ளி ஒன்று இருக்கிறது. ஊரைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், கண்ணுக்கெட்டிய தூரம் வேறொன்றும் கிடையாது. மாமாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது இதெல்லாம் பால்மரமாக, அதாவது ரப்பர் மரமாக இருந்ததாம். மாமாவும் சின்ன வயதில் பால் வெட்டியவர். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்ட லோரி வரும் நாளில், இவர் போய் ஒயர் பிடித்து நிற்பாராம். அங்கே ஒட்டிய பழக்கம்தான் இந்தத் தொழில்.

இங்கே கல்யாண வேலை அலுப்பாக இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன். மண்டபத்தில் ராத்திரி விருந்து, வட்ட மேசைக்குப் பத்துப் பேர். பெண்ணும் மாப்பிள்ளையும் புகையைக் கிழித்துக்கொண்டு நடந்து வருவார்கள், நான் புகை மெஷினுக்குப் பின்னால் இருமிக்கொண்டு நிற்பேன். மொய்யைக் கவரில் போட்டு வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை, கூவுவதும் இல்லை. "தாய்மாமன் மொய்" என்று அப்பா மைக்கில் இழுத்துச் சொல்வாரே, அதைச் சொல்லிக்காட்டினால் உன் மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

போன மாதம் கோலாலம்பூர் போனோம். அம்மா கேட்பார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துமலை போனேன், 272 படியும் ஏறினேன், அம்மா பேரில் அர்ச்சனை வைத்தேன். மறுநாள் ஓர் இசை விழாவுக்குச் சவுண்டு பார்க்கும் வேலை, விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் சோமா அரங்கத்தில். அந்தக் கட்டடத்தின் கதையை மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். துன் வீ.தி. சம்பந்தன் இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியவர். அந்தச் சங்கத்துக் கட்டடம்தான் அது. அரங்கத்தில் ஏசி குளிரில் உட்கார்ந்து கச்சேரி கேட்ட எத்தனை பேருக்கு அது பால் வெட்டிய காசு என்று தெரியும் என்று மாமா முணுமுணுத்தார். பிரிக்பீல்ட்ஸ் போனால் பெரிய ரோட்டுக்கும் அவர் பெயர்தான்.

நாத்தனார் வீடு பூச்சோங்கில், பதினாலாவது மாடி. லிப்டில் ஐந்து பேர் நின்றால் ஐந்து பேரும் நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன், "செருப்பைப் பார்த்தா தமிழங்க மாதிரிதான் இருக்கு" என்றார். வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நெரிசலில் மின்னல் எஃப்எம் ரேடியோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், வாழ்த்து நேரத்தில் தெரிந்தவர் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு. எனக்காக டிக்கெட் எடுத்து, புக்கிட் ஜாலிலில் நம்மூர்ப் பாடகர் கச்சேரிக்கு அழைத்துப் போனார். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து எனக்கு வாய் கசந்தது. போனதற்கு மேடைக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்த ஸ்பீக்கரை எண்ணினேன், பக்கத்துக்குப் பதினாறு. நீ பார்த்திருந்தால் பாடகரை விட்டுவிட்டு அதைத்தான் கும்பிட்டிருப்பாய். ஆனால் அத்தனை ஆயிரம் பேரில் எனக்கு ஒரு முகம் தெரியாது. நாத்தனாருக்கும் தெரியாது. முடிந்ததும் எல்லோரும் அவரவர் காடியைத் தேடி ஓடினார்கள்.

சரி, நேற்றுக் கதைக்கு வருகிறேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது நம்மவர்கள் யாரும் இல்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், ஜொகூர் என்று போய்விட்டன. வருஷத்தில் ஒரு நாள் திருவிழாவுக்கு வருவார்கள். அதனால் திருவிழாத் தேதியை அம்மனுக்குப் பார்த்துக் குறிப்பதைவிடச் சனிக்கிழமையாகப் பார்த்துக் குறிக்கிறார்கள்.

ஏற்பாட்டுக் கூட்டம் மூன்று மாதமாக வாட்ஸப்பில் நடந்தது. பெரியவர்களுக்குப் பழைய பாட்டுக் கச்சேரி வேண்டும். இளசுகளுக்கு உருமி மேளம் வேண்டும், அதுவும் இந்தக் குழுதான் வேண்டும் என்று பிடிவாதம். கடைசியில் பூசை முடிய உருமி, சாப்பாடு முடியப் பழைய பாட்டு என்று பிரித்தோம். இதற்கு நடுவில் போலீஸ் அனுமதி, ஜெனரேட்டர் வாடகை, லோரி சேற்றில் சிக்கினால் இழுக்க டிராக்டர். உனக்குத் தெரியாததில்லை, சவுண்டுக்கான வேலை ஒரு பங்கு என்றால் ஆளைச் சமாதானம் பண்ணுவது மூன்று பங்கு.

நாலு மணிக்கு மழை பிடித்தது. இங்கே மழை யோசித்து வருவதில்லை, கொட்டோ கொட்டென்று கொட்டும். கூடாரத் துணி நடுவில் தண்ணீர் கட்டி, சினைமாட்டு வயிறு மாதிரி தொங்கியது. அதைக் கீழிருந்து மூங்கிலால் முட்டித் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். துணி கிழியாமல் இருக்க மூங்கில் முனையில் மாமா ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் குத்தி வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் கொட்டும் என்று பார்த்துத்தான் முட்ட வேண்டும். நான் பார்க்கவில்லை. கோயில் தலைவர் பட்டு ஜிப்பாவோடு நனைந்தார்.

அதோடு முடிந்ததா? அறிவிப்பாளராக வருவதாகச் சொன்னவர் ஐந்தரைக்குப் போன் பண்ணி வரமுடியவில்லை என்றார். உன் மச்சான் மிக்ஸரை விட்டு நகர முடியாது. மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக் என் கைக்கு வந்தது. அண்ணா, அப்பா என்னை ஒயர் சுற்ற விட்டார், ஆம்ப்ளிஃபயர் துடைக்க விட்டார், ஒரு நாளாவது மைக்கைத் தொட விட்டாரா? "பொம்பளைப் பிள்ளை குரல் ஊருக்கெல்லாம் கேக்கக் கூடாது" என்பார். நீயும் கூடத்தான் நின்று தலையாட்டினாய். நான் மறக்கவில்லை.

முதல் அறிவிப்பு, சாமி ஊர்வலத்துக்கு வழியில் நின்ற ஒரு காரைப் பற்றி. "அன்பார்ந்த பக்தர்களே, கீழ்க்கண்ட எண்ணுள்ள வாகனத்தின் உரிமையாளர்" என்று அப்பா மாதிரியே தொடங்கினேன். யாரும் அசையவில்லை, சிலர் சிரித்தார்கள். அத்தை கீழிருந்து, "காடின்னு சொல்லு" என்றார். "பி-யில ஆரம்பிக்கிற வெள்ளைக் காடி, கொஞ்சம் எடுத்துருங்க" என்றேன். மூன்று பேர் சாவியோடு ஓடினார்கள்.

அப்புறம் ராத்திரி முழுக்க அதேதான். ஏ என்று தொடங்கினால் பேராக், பி சிலாங்கூர், டபிள்யூவும் வியும் கோலாலம்பூர், ஜே ஜொகூர். நான் கூப்பிட்ட நம்பர்களில் ஏ இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரு தோட்டம் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று காடி நம்பரை வைத்தே சொல்லிவிடலாம் போலிருந்தது.

எட்டு மணிக்குமேல் துண்டுச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. பெயரை எழுதிவிட்டு, அதன் பக்கத்திலேயே இப்போது இல்லாமல் போன ஊரின் விலாசத்தை எழுதுகிறார்கள். 'கிராணி வீட்டுக்கு எதிர் லயம்.' (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.) 'தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கடைசி வீடு.' ஒரு சீட்டில், ஆயாக் கொட்டகை ஆயா வந்திருந்தால் மேடைக்கு வரவும் என்று இருந்தது. வெட்டுக்காரர்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. படித்தேன். அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு கிழவி எழுந்து, கையைக் கழுவிவிட்டு, ரெண்டு பேர் பிடிக்க மெதுவாக வந்தார். சீட்டு எழுதியவர் கிள்ளானிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர். ஆயாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "எந்த வீட்டுப் புள்ள நீ?" அவர் அம்மா பெயரைச் சொன்னார். ஆயா பேசாமல் அவர் தலையைக் கீழே இழுத்து, இடது காதை மடக்கிப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு தழும்பு. "தொட்டில்ல இருந்து விழுந்த பய" என்றார். மைக் நான் பிடித்தபடியே இருந்ததால் அது தோட்டத்துக்கே கேட்டுவிட்டது. அவ்வளவு பெரிய மனுஷன் வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டுக் குழுவைத் தொடங்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு நான் ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டேன்.

விடியற்காலை நாற்காலி எண்ணும்போது பதினோரு நாற்காலி குறைந்தது. அதைவிடு, எப்போதும் குறைவதுதான்.

கோயில் தலைவர் காய்ந்த ஜிப்பாவோடு வந்து, அந்தத் துண்டுச் சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டார். பாதி மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. அடுத்த வருஷம் வருகிறவர்கள் பெயர், அப்போது எந்த லயம், இப்போது எந்த ஊர், போன் நம்பர் எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும் என்றார். எனக்கு நம்மூர் மொய் நோட்டு ஞாபகம் வந்தது. விளக்கிச் சொன்னேன், "அதான் வேணும்" என்றார். இங்கே கிடைப்பது பள்ளிக்கூட நோட்டுதான்.

ஆகவே அண்ணா, கடைவீதியில் கேட்டு, நீளவாக்கில் கெட்டி அட்டை போட்ட மொய் நோட்டு நான்கு வாங்கி அனுப்பு. உள்ளே கோடு மூன்று கட்டமாவது இருக்கட்டும், தொகை எழுதும் கட்டத்தில் நாங்கள் ஊர் பெயரை எழுதிக்கொள்வோம். முதல் பக்கத்தில் அம்மாவை மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடச் சொல்.

உன் தங்கச்சி