மெசின் போய்விட்டது, மச்சான்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மச்சான்,

ட்ரெட்மில் மெசின் போய்விட்டது. மூன்று மாதமாக நீ போன் எடுத்தால் முதலில் கேட்பது அதைத்தானே, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை சாம்பல்தீவிலிருந்து ஒரு பட்டா லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இனி ஈரத் துவாயை எங்கே போடுவது என்று மனுசி முறைப்பாடு சொல்கிறாள்.

வெள்ளவத்தை வீட்டை விட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகவும், அந்த உடற்பயிற்சிச் சைக்கிளை என்ன செய்வது என்றும் கேட்டு எழுதியிருந்தாய். விற்றுப் பழகியவன் நான்தான் என்று ஒரு நக்கலும் வைத்திருந்தாய். பழகியது உண்மைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பிளேன்ரீயை ஊற்றிக்கொண்டு இரு.

அந்த மெசின் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று உனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள் அல்லவா? அதுவரை நானும் மனுசியும் விடிய கோட்டை வாசலால் நுழைந்து, மான்களுக்கு நடுவால், கோணேசர் கோயில் வரை நடந்து திரும்புவோம். இவளுக்குச் சீனி, எனக்குப் பிரஷர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், ஆக 150 நிமிடம் நடக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. கேற்றுக்கு வெளியே கால் வைக்க முடியாமல் போனதும் ரொறன்ரோவிலிருந்து மூத்தவன் காசு அனுப்பிவிட்டான். ஊரடங்கு தளர்ந்தபின் 165,000 ரூபாவுக்கு ட்ரெட்மில் வந்திறங்கியது. சின்னவன் கத்தாருக்குப் போக முதல் தன் பங்குக்குப் பாரம் தூக்க 60 கிலோ இரும்புத் தட்டுகளும் ஒரு கம்பியும் வாங்கிப் போட்டான். பக்கத்து வீட்டார் ஊரை விட்டுப் போனபோது அவர்களுடைய உடற்பயிற்சிச் சைக்கிளும் எங்களிடம் வந்தது. விறாந்தை ஒரு ஜிம்மாகவே ஆகிவிட்டது. கதிரை போட மட்டும் இடமில்லை.

முதல் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தோம். பிறகு கோட்டை திறந்தது, மான்களும் கூப்பிட்டன, மெசினில் துவாய் காயத் தொடங்கியது. இது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை.

எனக்கு இன்னும் மனம் ஆறாதது 2022 தான். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதே, அந்த நேரம் நான் வாங்கிய விலைக்கு மேலேயே தரத் தயாராக இருவர் வந்து கேட்டார்கள். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது, இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளுக்கு எத்தனை மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்று நினைத்துப் பார். கரண்ட் இல்லாத வீட்டில் கரண்டில் ஓடும் மெசினைக் கட்டிக் காத்தவன் நான். பெற்றோல் வரிசை வீதியைச் சுற்றி நின்றபோது ஊரில் பழைய சைக்கிளுக்கு அடிபாடு. எங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் நின்றது, எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்திலேயே நின்றது.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன்.

தட்டுகள் ஒரே நாளில் போய்விட்டன. முகநூலில் படம் போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, கிண்ணியாவிலிருந்து ஒரு பெடியன் எடுத்தான். சலாம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், ஒரு இஞ்சி ஓட்டையா, ரெண்டு இஞ்சி ஓட்டையா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொல்லித் தந்தான். வீட்டுக்கு வாங்கும் சாதாரணக் கம்பி ஒரு இஞ்சி மொத்தம். போட்டிகளில் தூக்கும் கம்பியின் முனை இரண்டு இஞ்சி. ஒன்றின் தட்டு மற்றதில் சரியாகப் பொருந்தாது. அடுத்த கேள்வி, "முழு இரும்பா, உள்ளுக்குச் சீமெந்தா?" மலிவான தட்டுகளில் பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்தை நிரப்பி விற்கிறார்களாம், ஒருமுறை கை தவறிப் போட்டால் வெடித்துக் கொட்டுமாம். எங்களுடையது முழு இரும்பு. மேலால் கறள் பிடித்திருந்ததை நானே சொன்னேன். "அது மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் போட்டால் போயிடும்" என்று சிரித்துவிட்டு, கிலோக் கணக்கில் விலை பேசி, ஓட்டோவில் வந்து எடுத்துப் போனான். ஊரில் சின்ன ஜிம் ஒன்று தொடங்குகிறானாம். இப்போது கிண்ணியாப் பாலம் இருப்பதால் பத்து மணிக்குக் கதைத்தவன் பதினொரு மணிக்கு வந்து நின்றான். 2009க்கு முதல் நாங்கள் பாதைப் படகில் ஏறக் காத்துக் கிடந்த நேரத்தில் இவன் வந்து விலை பேசி வீட்டுக்கே போய்விட்டான்.

அதைப் பார்த்து மெசினும் இப்படியே போய்விடும் என்று நினைத்தேன். அங்கேதான் பிழைத்தேன்.

95,000 என்று போட்டேன். வந்த செய்திகளை உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். "இருக்கா?" என்று கேட்பார்கள், இருக்கிறது என்றால் ஆளைக் காணமாட்டாய். "லாஸ்ட் பிரைஸ்?" என்று வேறொருவர், பொருளைக் கண்ணாலும் பார்க்காமல். கைபேசிக்கு மாற்றலாமா என்று ஒருவர். கரண்ட் இல்லாமலும் ஓடுமா என்று கேட்டவருக்கு, நீங்கள் ஓடினால் ஓடும் என்று எழுதத்தான் கை வந்தது, மனுசி தடுத்துவிட்டாள். நேரில் வந்த இருவரும் மெசினுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

குனிந்தால் என்ன தெரிந்தது என்று நானும் குனிந்து பார்த்தேன். டைக் வீதி வீடு, கடல் எட்டிப் பார்க்கும் தூரம். மார்கழி வாடையில் யன்னல் கண்ணாடியே நாக்கு வைத்தால் கரிக்கும். அந்த உப்புத் தூள் இரும்பில் படிந்து, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் கெட்டித்தனமாகப் பொலித்தீன் விரித்து இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சட்டத்தின் மூட்டுகளில் கறள் பொரிந்து இலை இலையாக உரிந்தது. மூடாமல் விட்டு வாரம் ஒருமுறை துடைத்திருந்தால் போதும். உன் வீடும் கடற்கரைப் பக்கம்தானே? இப்போதே போய் உன் சைக்கிளின் கீழ்ச்சட்டத்தைத் தடவிப் பார்.

இன்னொரு கூத்தும் செய்தேன். ஆட்கள் வந்து பார்க்கும்போது, கால் வைத்து நடக்கும் வார் 'கிறீச்' என்று கத்துகிறதே என்று, கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் தெளிப்பெண்ணெயை வாருக்குக் கீழே தாராளமாக அடித்தேன். சத்தம் நின்றது. அடுத்த நாள் ஏறி நின்றால் வார் வழுக்கி வழுக்கி நின்றது, கருகிய மணமும் வந்தது. மோட்டர் திருத்தும் ஒரு பெடியனைக் கூட்டி வந்தேன். அவன் மணந்து பார்த்ததுமே தலையில் கை வைத்தான். அந்த வாருக்குச் சிலிக்கோன் எண்ணெய் மட்டும்தானாம், அதுவும் வாரின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கொஞ்சமாக. மற்ற எண்ணெய் வாரையே கெடுத்துவிடுமாம். வாரைத் தளர்த்தி, பலகையைத் துடைத்து, சரியான எண்ணெய் இட்டு, மோட்டரின் கார்பன் பிரஷ் என்கிற கரித்துண்டுகளையும் மாற்றித் தந்தான். 9,000 ரூபா. மூடியைக் கழற்றியபோது மோட்டரில் ஒட்டியிருந்த தகட்டையும் காட்டினான். கடையில் எனக்குச் சொன்ன 3 குதிரை வலு, மோட்டர் ஒரு கணம் மூச்சுப் பிடித்து இழுக்கக் கூடிய உச்ச வலுவாம். தொடர்ந்து இழுக்கக் கூடியது அதற்கு எவ்வளவோ குறைவு. நாலரை வருடம் பெருமையடித்தேன், மச்சான்.

பழைய இரும்பு எடுப்பவரும் இடையில் ஒரு நாள் வந்தார். மெசினை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து, நிறையைக் கண்ணாலேயே மதித்து, ஒரு விலை சொன்னார். அந்த விலையை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கவலையோடு இருந்த இரவில்தான் இந்த மெசினின் பூர்வீகத்தை வாசித்தேன். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற எஞ்சினியர் 1818இல் சிறைக் கைதிகளுக்காகச் செய்த தண்டனைச் சக்கரமாம் இது. பெரிய உருளையின் படிகளில் கைதிகள் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அதைக் கொண்டு மாவு அரைத்தார்கள், சிலவற்றில் ஒன்றுக்குமே இல்லாமல் சும்மா சுற்றினார்கள். 1898இல் சட்டம் கொண்டு வந்துதான் அதை ஒழிக்கத் தொடங்கினார்கள். மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கின கைதி நீங்கள்தான்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பிறகு விளம்பரத்தை மாற்றி எழுதினேன். கறள் பிடித்த இடத்தைக் கிட்டப் படம் எடுத்துப் போட்டேன். என்ன திருத்தினது, எவ்வளவு செலவு, எந்த எண்ணெய் போட வேண்டும், மேலே ஏற்றி இறக்க எத்தனை ஆள் வேண்டும், எல்லாம் எழுதினேன். விலையை 70,000க்கு இறக்கினேன். "லாஸ்ட் பிரைஸ்" கூட்டம் அப்படியே கலைந்துபோனது. மூன்று பேர்தான் கேட்டார்கள். மூன்று பேரும் ஒழுங்கான கேள்வி கேட்டார்கள்.

அதில் ஒருவர்தான் சாம்பல்தீவு ரீச்சர். கணவரோடு வந்தார். கணவர் விலையில் இருந்தார், ரீச்சர் மெசினைச் சுற்றி வந்தார். "அங்கிள், சத்தம் எப்படி? பக்கத்து அறையில் பிள்ளைகள் படுத்திருந்தால் எழும்புங்களா?" என்று கேட்டார். விடிய நாலு மணிக்கு நடக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு சமையல், பிள்ளைகள், பள்ளிக்கூடம். பின்னேரம் வீதியில் நடந்தால் நாய், அதை விடப் பெரிய தொல்லை "ரீச்சர் எங்கே போறீங்க?" கேள்வி. நானும் நீயும் டச்சுக்குடாக் கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்தபோது, எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

"ஏறிப் பாருங்கோ பிள்ளை" என்றேன். செருப்பைக் கழற்றினார். மனுசி ஓடி வந்து சீலைக் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகச் சொன்னாள், மெசினில் செருகும் சிவப்புத் திறப்பின், அதாவது சாவியின், கயிற்றுக் கொளுவியைச் சட்டையில் மாட்டிவிட்டாள். விழுந்தால் கயிறு இழுபட்டுத் திறப்பு கழன்று, மெசின் நின்றுவிடும். அந்தத் திறப்புத் தொலைந்தால் மெசின் கிளம்பவே கிளம்பாது, அது வேறு கதை. வேகத்தை மணிக்கு 3 கிலோமீற்றரில் வைத்தேன். முதலில் கைபிடியை இறுக்கிப் பிடித்தார். பிறகு ஒரு கையை விட்டார். பிறகு மற்றக் கையையும். கணவர் விலை கதைப்பதை நிறுத்திவிட்டார். பத்து நிமிடம், மச்சான், ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கால் இன்னும் ஓடுற மாதிரி இருக்கு" என்றார். முடித்தது 62,000க்கு. எண்ணெய்ப் போத்தல் மிச்சத்தையும் கொடுத்துவிட்டேன்.

இனி உன் விசயம். உன் சைக்கிள் காந்தத்தால் இறுகும் வகை என்றால் நல்ல விலை கேள், உரச ஒன்றும் இல்லாததால் அது தேயாது. பட்டி உரசி இறுகும் வகை என்றால் பட்டியை மாற்றிவிட்டு விளம்பரம் போடு. மீற்றரில் இருக்கும் பற்றரியை இன்றைக்கே கழற்று, பழைய பற்றரி கசிந்தால் மீற்றர் போய்விடும். நாலாம் மாடி, லிப்ட் இருக்கிறது என்பதை மறக்காமல் எழுது. வாங்குகிறவனுக்கு அது பெரிய விசயம். உன் தம்பி கனடாவிலிருந்து தன் ட்ரெட்மில்லை அனுப்பப் போகிறான் என்றாயே, வேண்டாம் என்று சொல். அங்கே 120 வோல்ற், இங்கே 230. மெசின் வந்து சேர்ந்தபின் ஒரு டிரான்ஸ்போமருக்கு அலைவாய்.

முழங்கால் எப்படி? படி ஏறத் தொடங்கிவிட்டாயா? ஆவணியில் வருவதாகச் சொன்னாய், கோட்டைக்குள் மெதுவாக நடக்கலாம், மான்களுக்கும் வயது போய்விட்டது, உன்னை விடப் பெரிதாக ஓடாது.

ஒன்றை விட்டுவிட்டேன். சைக்கிளை ஏற்றுமுன் பெடலைக் கழற்றுவாய். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் வெட்டியது, மிதிக்க மிதிக்கக் கழன்று போகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இது தெரியாமல் நான் எங்கள் சைக்கிளின் இடது பெடலை வலதைப் போலவே நினைத்து ஏறி நின்று திருகினேன். மரை அழிந்து, சைக்கிள் கடைசியில் பழைய இரும்புக்காரரிடம்தான் போனது. நீ 15 மில்லிமீற்றர் ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி, சீட் இருக்கும் பக்கமாக இழு. இரண்டு பெடலுக்கும் அதுதான் கணக்கு. முழங்காலை வைத்துக்கொண்டு நீ இழுக்காதே, மருமகனைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் மச்சான்